மாமா யாரைப் போய்க் கேட்பார்?

போன வாரம் நாமகிரிப்பேட்டைப் பக்கம் மாமா ஊருக்குப் போயிருந்தேன். மரவள்ளிக்காட்டில் கொழுந்தெல்லாம் சுருண்டு கிடந்தது. பழுத்த இலை ஒன்றைப் படமெடுத்து போனில் ஒரு செயலியில் போட்டிருக்கிறார். அது செம்பேன் என்று சொல்லி, மருந்துப் பெயரும் சொல்லிவிட்டது. அடித்தும் கேட்கவில்லை. பக்கத்துக்காட்டு அண்ணன் வந்து கொழுந்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி!

"ஏன் மாப்ள, கடைக்காரன் தப்பா மருந்து குடுத்திருந்தா பில்லோட போய்ச் சண்டை போடுவேன். இதுக்கு யாரைப் போய்க் கேக்கறது?"

கம்ப்யூட்டர் படித்தவன் என்று பேர்தான். பதில் தெரியாமல் முழித்தேன். ராத்திரி உட்கார்ந்து தேடினேன்.

மருந்துக்கடைக்கு 1968ல் வந்த பூச்சிக்கொல்லிச் சட்டத்திலிருந்தே லைசென்ஸ் கட்டாயம். விதை சரியில்லைன்னா விவசாயி நுகர்வோர் மன்றம் போகலாம்னு 2012ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. ஆனா 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இலவச சேவை சேராது. செயலியோ இலவசம். ஆக, மாமா நுகர்வோரே இல்லை! :-(

ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் செயற்கை நுண்ணறிவுக்குத் தனிச்சட்டமே கொண்டுவந்தது. ஆபத்து எவ்வளவோ, கட்டுப்பாடு அவ்வளவு. நம்ம மத்திய அரசு 2025 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளோ, இப்போதைக்குத் தனிச்சட்டம் வேண்டாம், இருக்கிற சட்டங்களை வைத்தே சமாளிக்கலாம் என்றன. இதுக்கெல்லாம் முன்னாடியே, நம்ம எடப்பாடிக்காரர் முதல்வரா இருந்த 2020 செப்டம்பரில், தமிழக அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. இந்த மாதிரி மென்பொருளை மக்களிடம் விடும் முன் பாரபட்சம், அந்தரங்கம், தணிக்கை என்று மார்க் போட்டுப் பார்க்கணும் என்றது. நல்ல யோசனைதான். ஆனா அது அரசுத் துறைகளுக்கு. மாமா போனில் இருப்பது தனியார் சரக்கு.

தடை போடச் சொல்லலைங்க. மாமா அடுத்த தடவையும் போனைத்தான் எடுப்பார். மருந்துப் பெயரைச் சொல்லும் துணிச்சல் இருக்கிற செயலி, தப்பானால் புகாரை எங்கே கொடுக்கணும்னு தமிழில் ஒரு வரியும் சொல்லணும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

காலையில் இதையெல்லாம் மாமாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சட்டம் வர்றப்ப வரட்டும் மாப்ள. நீ மொதல்ல அந்தக் கொழுந்தைப் பிரிச்சுப் பாரு."

நீங்க என்ன சொல்றீங்க மக்களே?