வம்பன் உளுந்துக்கு ஒரு மடல்

வம்பன் உளுந்தே,

ஆலங்குடிப் பக்கத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிற டீச்சர் எழுதுகிறேன். மரபியல் பாடத்தை வருடா வருடம் உன்னை முன்னால் நிறுத்தித்தான் தொடங்குகிறேன். உன்னிடம் பட்ட கடன் ஏறிக்கொண்டே போகிறது. அதை உன்னிடமே சொல்லிவிட வேண்டும். கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

உளுந்தே, பாடப்புத்தகம் மெண்டலின் பட்டாணியில் ஆரம்பிக்கிறது. 1856 முதல் எட்டு ஆண்டுகள், ஒரு மடத்துத் தோட்டத்தில் ஏறத்தாழ 28,000 செடிகளை வளர்த்து எண்ணிப் பார்த்த மனிதர் அவர். உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850 என்று அவர் எழுதிவைத்த கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழும். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பட்டாணி மளிகைக் கடைச் சாமான். அவர்கள் கையால் பறித்த செடி நீ. நீயும் அதே குடும்பம்தான். மெண்டல் பட்டாணியைத் தேர்ந்தெடுக்கக் காரணமாக இருந்த குணமும் உனக்கு உண்டு. பூ விரியும் முன்பே மொட்டுக்குள் உன் மகரந்தமே உன் சூலகத்தைச் சேர்ந்துவிடும். அதனால் வம்சம் கலப்பில்லாமல் நிற்கும். கலக்க வேண்டுமென்றால் முதல் நாள் மாலை மொட்டைப் பிரித்து, இடுக்கியால் மகரந்தப் பைகளை எடுத்துவிட்டு, மறுநாள் காலை வேறு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். கரும்பலகையில் கட்டம் போட்டு ஒருபண்புக் கலப்பை விளக்கிக்கொண்டிருக்கும்போதே, "நம்ம வம்பன் ஊருப் பயறு ஆராய்ச்சிப் பண்ணையில இதைத்தான் செய்யுறாங்க" என்று கையை நீட்டிச் சொல்ல முடிகிறதே, அந்தப் பாக்கியம் நீ கொடுத்தது.

உளுந்தே, உனக்கு வந்த நோயும் எனக்குப் பாடமாயிற்று. அப்பா விதைத்திருந்த கொல்லை ஒரு வருடம் பூக்கும் நேரத்தில் மஞ்சளடித்துப்போனது. மஞ்சள் தேமல் என்றார்கள். வெள்ளை ஈ சாறு உறிஞ்சும்போது செடிக்குச் செடி கொண்டுபோய்ச் சேர்க்கிற வைரஸ் அது. அந்த வைரஸின் உடலுக்குள் இருப்பதும் டி.என்.ஏ.தான் என்பதைப் பின்னால் படித்தபோது அசந்துபோனேன். நம்முடையதைப் போல இரட்டைச் சுருள் இல்லை; வட்டமாக வளைந்த ஒற்றை இழை. இரண்டு துண்டுகள், துண்டுக்குச் சுமார் 2,700 எழுத்துகள். மனித செல்லில் ஒரு குரோமோசோம் தொகுதிக்கே ஏறத்தாழ 300 கோடி எழுத்து இணைகள் உண்டு. வைரஸின் அவ்வளவு சின்னச் செய்தி ஒரு கொல்லையையே சாய்த்துவிடுகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வம்பன் வயலில் தேமல் பிடித்த உன் செடியிலிருந்தே அந்த வைரஸைப் பிரித்து, அதன் டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாக வாசித்தார்கள். எங்கள் மண்ணில் நோய்ப்பட்ட ஓர் இலை அறிவியலுக்குள் போயிருக்கிறது என்று சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காருகிறது.

உளுந்தே, உன் காட்டு உறவை எனக்குக் காட்டியதற்கும் நன்றி. அதன் விதை சிறுசு. முற்றியதும் நெற்று வெடித்துச் சிதறிவிடும். யாரும் அதை விதைக்க மாட்டார்கள். ஆனால் தேமலைத் தாங்கும் சக்தி அதனிடம் இருந்தது. வம்பன் 1 ரகத்தை அந்தக் காட்டு உளுந்தோடு கலந்துதான் வம்பன் 6 பிறந்தது. கலந்தால் நல்லதோடு வேண்டாததும் சேர்ந்தே வரும். பிறகு தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். நீ தன்மகரந்தச் சேர்க்கைச் செடி என்பதால் ஒரே மரபணுவின் இருவேறு வடிவங்கள், அதாவது அல்லீல்கள், சேர்ந்த நிலை ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறையும்: முதலில் பாதி, பிறகு கால், பிறகு அரைக்கால். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது, கணக்கில் எப்போதும் பின்தங்குகிற ஒரு பையன் எனக்கு முன்னால் விடை சொன்னான். அவன் வீட்டிலும் உளுந்து விதைப்பார்கள்.

உளுந்தே, புத்தகத்தில் உருண்டை விதைக்கும் சுருங்கியதற்கும் வந்த 3 : 1 மட்டுமே உலகம் இல்லை என்பதையும் நீதான் சொல்லிக்கொடுத்தாய். தேமலை எதிர்க்கும் பண்பு சில கலப்புகளில் ஒரே மரபணுவின் கணக்கில் அடங்குகிறது. வேறு சிலவற்றில் இரண்டு ஒடுங்கு மரபணுக்களும் ஒரே செடியில் இணைந்து வந்தால்தான் எதிர்ப்பு. அங்கே பதினாறு செடிக்கு ஒன்றுதான் தேறும், 15 : 1. மனிதரின் நிறத்துக்கும் உயரத்துக்கும் இன்னும் எத்தனையோ மரபணுக்கள். "தம்பி சிவப்பு, நான் ஏன் டீச்சர் கறுப்பு?" என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்ட பிள்ளைக்கு, ஒரே பெற்றோரின் மரபணுக்கள் ஒவ்வொரு குழந்தையிலும் வேறுவிதமாகச் சேருகின்றன, இதில் உயர்வுமில்லை தாழ்வுமில்லை என்று சொல்ல எனக்கு வார்த்தை கிடைத்தது உன்னால்தான்.

உளுந்தே, டி.என்.ஏ.வைக் கண்ணால் காட்ட வகுப்பில் முளைகட்டிய உன்னை அரைத்து, உப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் சேர்த்து வடிகட்டி, அதன்மேல் குளிர்ந்த ஆல்கஹாலை மெல்ல ஊற்றினோம். வெண்ணிற நூல்கள் மேலெழும்பின. அதில் புரதமும் உன் வழுவழுப்பும் கலந்திருக்கும், தனி டி.என்.ஏ. அல்ல என்று சொன்னேன். இருந்தாலும் குச்சியில் சுற்றி எடுத்துப் பார்த்த பிள்ளைகளின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "வடை சாப்பிட்டா இது நமக்குள்ள போயிடுமா டீச்சர்?" என்றாள் ஒருத்தி. போகும். குடலில் நொதிகள் அதைத் துண்டு துண்டாக்கிவிடும், உளுந்துச் செய்தி அழிந்துவிடும். அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்ற நாலு எழுத்துதான் உனக்கும் வெள்ளை ஈக்கும் அந்த வைரஸுக்கும் அவளுக்கும். நான் பெரியவளானபோது அம்மா நல்லெண்ணெய் விட்டுக் கிண்டித் தந்த உளுந்தங்களியில் அந்த எழுத்துகளைத்தான் விழுங்கியிருக்கிறேன்.

உளுந்தே, உன் புது ரகங்களுக்கு ஊர் பெயரும் ஓர் எண்ணும்தான். வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11. அறுபத்தைந்து, எழுபது நாளில் விளைந்து முடிகிற உனக்காக வருடக்கணக்கில் வெயிலில் குனிந்து நின்று மொட்டுப் பிரித்தவர்கள், மகரந்தம் தடவியவர்கள், நோய்ச்செடியை எண்ணி நோட்டில் குறித்தவர்கள் பெயர் விதைப் பையில் கிடையாது. என்னைவிட அவர்களை நீ நன்றாக அறிவாய். அவர்களுக்குச் சேர வேண்டிய என் நன்றியையும் உன்னிடமே கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புக் கடனாளி