பனையிலை பழகுதல்

ஓய்வுபெற்ற பிறகு தச்சுவேலை பழகப் போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் மறிக்கவில்லை. "அப்ப முதல் அந்தத் திருவலைக்கு ஒரு பலகை அடிச்சுத் தாங்கோ" என்றாள் மனைவி. தேங்காய் துருவுகிற அந்தத் திருவலையின் பல்லு நல்ல இரும்பு. கட்டைதான் உக்கிப் போயிருந்தது.

மரத்துக்கு அலையவில்லை. அப்பாவின் வீட்டைப் பிரித்தபோது மிஞ்சிய பனஞ்சலாகைகள் கோடிக்குள் கிடந்தன. அறுபது வருடம் ஓட்டைத் தாங்கியும் கறையான் தொடாதவை. அதிலொன்றை எடுத்துவைத்துச் சீவுளியைத் தள்ளினேன். அது சறுக்கிக்கொண்டு போனது. இன்னும் அழுத்தித் தள்ளினேன். சீவல் வரவில்லை, கறுப்பு நார் ஒன்று கிழிந்து எழும்பி என் உள்ளங்கைக்குள் சிலாம்பாக ஏறியது.

அடுத்த வளவு அப்பு வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரில் பாதி வீட்டுக்குக் கதவும் நிலையும் போட்ட கை. "என்ன தம்பி, பனையிலையோ பழகிறீர்?"

சிலாம்பு பிடுங்கிய வலியிலும் அந்தச் சொல் எனக்கு இனித்தது. எங்கள் பேச்சில் பனையிலை என்றால் பனையில் என்று அர்த்தம். ஆனால் பனைக்கு இலை கிடையாது, அதற்கு இருப்பது ஓலை. இதைச் சட்டமாகவே எழுதிவைத்தவர் தொல்காப்பியர். மரபியலில் அவர் செடிகொடிகளைப் பிரிக்கிற விதம் எனக்குப் பள்ளிக்கூடக் காலத்தில் விளங்கவேயில்லை. வெளியே வைரம் உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம் என்கிறார். அப்படியென்றால் தென்னையும் பனையும் கமுகும் மூங்கிலும் புல். வகுப்பில் நாங்கள் சிரித்தோம். முப்பது முழப் பனையைப் புல் என்கிற ஆளை வேறென்ன செய்வது? அதோடு விடவில்லை அவர். புல்லின் உறுப்புகளுக்கு ஓலை, மடல், ஈர்க்கு, பாளை, குலை என்று ஒரு வரிசை, மரத்தின் உறுப்புகளுக்கு இலை, தளிர், அரும்பு, பூ என்று இன்னொரு வரிசை. பரீட்சைக்காகப் பாடமாக்கி, பரீட்சையோடு மறந்தேன்.

சலாகையின் வெட்டுமுகத்தைத் தேய்த்துப் பார்த்தபோதுதான் மனிசன் எங்கே நின்று பேசியிருக்கிறார் என்று பிடிபட்டது. தோல் பக்கம் கறுப்பு நார்கள் நெருங்கிக் கல்லாய் இருக்கின்றன. உள்ளே போகப் போக நார் ஐதாகி, நடுவில் வெறும் சோத்தி. வேம்பையோ முதிரையையோ அறுத்தால் நேர்மாறு: வெளியே வெளிறு, உள்ளே வைரம். பனை வருடத்துக்கொரு வளையம் போட்டுப் பருக்கிறதில்லை, அதனால் குற்றியைப் பார்த்து அதன் வயதை எண்ணவும் ஏலாது. இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடுதான், ஒருவித்திலைப் பிரிவில், வைத்திருக்கிறது. மரபியலின் அந்தப் பகுதி இடைச்செருகல் என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு. இருக்கட்டும், செருகியவர் கோடரி பிடித்தவர் என்பேன்.

வாழைதான் எனக்கு இன்னும் முடியாத வழக்கு. எங்கள் நீர்வேலிச் செம்மண்ணில் அது இல்லாத தோட்டத்தைத் தேடவேண்டும். அதற்கு வைரம் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. மரத்திடம் இலையையும் பூவையும் வாங்கிக்கொண்டது, புல்லிடம் மடலையும் குலையையும். இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு இரண்டு பக்கத்துக்கும் மொய் எழுதாத ஆள். கப்பல் பழமும் இதரைப் பழமும் தருகிறபடியால் பொறுத்துக்கொள்கிறோம்.

வாழையில் ஆணி அடிக்க ஏலாது, பனையில் அடித்தால் ஆணி வளையும். இந்த ஊரில் நான் தச்சுவேலை பழக வெளிக்கிட்டேன். அந்த வைரத்துக்காகவே சண்டைக் காலத்தில் பதுங்குகுழிக்கு மேலே பனங்குற்றியைத்தான் அடுக்கினோம். எத்தனை ஆயிரம் பனை அப்படிப் போனது! பெண்பனையைத் தறிக்க அனுமதி வேண்டும் என்று 1951ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திருந்தது. ஷெல்லுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்?

அப்பு தன் வளவிலிருந்து ஒரு வேப்பம் பலகை கொண்டுவந்து போட்டார். இரண்டு வருடம் நிழலில் காய்ந்ததாம். "பச்சை மரம் பாவிச்சால் பிறகு முறுக்கிப்போடும். நார் போற பக்கம் பாத்துச் சீவும். எதிர்த்துச் சீவினால் கிளப்பும்." தள்ளினேன். சுருள் சுருளாய், கைப்பு மணத்தோடு சீவல் வந்தது. அந்த ஒரு சுருளுக்காகவே முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தைக் கொஞ்சம் முந்தியே விட்டிருக்கலாம்.

கால் விஷயத்தில்தான் கொழுவல். "மூண்டு கால் போடும், மேடு பள்ளம் எங்கை வைச்சாலும் ஆடாது" என்றார் அப்பு. நான் நாலுதான் என்று நின்றேன். நாலு போட்டேன், ஆடியது. நீண்ட காலை அறுத்தேன், மற்றது நீண்டது. அதை அறுத்தேன். ஒரு சாண் உயரத்தில் தொடங்கிய கட்டை நாலு விரல் உயரத்துக்கு வந்தபோது மனைவி வாளைப் பறித்துவிட்டாள்.

இப்போது ஒரு காலுக்குக் கீழே நாலாய் மடித்த பழைய 'உதயன்' பத்திரிகை இருக்கிறது. தேங்காய்ப்பூ ஒழுங்காய்த்தான் விழுகிறது. அடுத்ததாக முக்காலி செய்ய யோசனை. பழைய வீடு பிரிக்கிறவர்கள் யாராவது இருந்தால், கதவு நிலைகளை விறகுக்குக் கொடுக்க முதல் எனக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள். சலாகை வேண்டாம்.