கிடேரியும் கறவையும், நடுவில் ஜடேஜாவும்

2025 நவம்பர் 15, சனிக்கிழமை காலை. காபி டம்ளரோடு உட்கார்ந்தால், பையன் போனை நீட்டிக்கொண்டு எதிரில் வந்து நிற்கிறான். முகமே சரியில்லை. பரீட்சையில் ஏதோ கோட்டை விட்டுட்டான் போல என்று பயந்துவிட்டேன்.

"ஜட்டுவக் குடுத்துட்டாங்கப்பா" என்றான்.

பையனுக்குப் பதினஞ்சு வயசு. பிறந்து வளர்ந்தது எல்லாம் இந்த மிச்சிகன் குளிரில்தான். சேப்பாக்கத்தை டிவியில் மட்டும் பார்த்தவன். ஆனாலும் பனிக்காலத்தில் ஸ்வெட்டருக்கு மேலே மஞ்சள் சட்டை, முதுகில் 8 நம்பர். அவன் துக்கம் எனக்குப் புரிந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்கு: சென்னை சூப்பர் கிங்ஸ் தன்னிடம் இருந்த ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. ஜடேஜாவுக்கு அப்போது 36 வயது. சாம்சனுக்கு 31. அதோடு நிற்கவில்லை. அடுத்த மாதம் அபுதாபி ஏலத்தில், இந்தியாவுக்கு ஒரு மேட்ச்கூட ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்று இரண்டு பையன்களுக்கு ஆளுக்கு 14.20 கோடி ரூபாய். ஒருத்தருக்கு 20 வயசு, இன்னொருத்தருக்கு 19. இரண்டு பேருக்கும் அடிப்படை விலை 30 லட்சம்தான்!

"ஏங்க, வயசானவரைக் குடுத்துட்டு சின்னப் பசங்களை வாங்கறது நல்லதுதானே?" என்று தங்கமணி கிச்சனிலிருந்து குரல் கொடுத்தார். பையன் முறைத்த முறையில் தோசை கருகிவிட்டது :-)

தங்கமணி கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் இதே சென்னை அணி 2018-ல் செய்தது நேர் எதிர். இரண்டு வருட தடை முடிந்து திரும்பி வந்தவர்கள், ஏலத்தில் ரிட்டயர்மென்ட் பார்ட்டிக்கு ஆள் சேர்த்தது போல எடுத்தார்கள். தோனிக்கு 36, வாட்சனுக்கு 36, ஹர்பஜனுக்கு 37, இம்ரான் தாஹிருக்கு 39. அப்பாக்கள் படை என்று ஊரே சிரித்தது. கடைசியில் மே 27 வான்கடே ஃபைனலில் வாட்சன் முதல் பத்து பந்தில் ஒரு ரன்கூட எடுக்காமல் நின்று, அப்புறம் 57 பந்தில் 117 அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்தார். 2.2 கோடிக்கு எடுத்த நம்ம ஆந்திரா அம்பத்தி ராயுடு அந்த சீசனில் 602 ரன்.

அதே வைத்தியம் எப்போதும் பலிக்கவில்லை. 2020-ல் முதல் முறையாக பிளே ஆஃபுக்கே போகவில்லை. 2025-ல் 14 மேட்சில் 4 வெற்றி, முதல் முறையாகக் கடைசி இடம். அந்த சீசனில் மனசுக்கு ஆறுதல், பாதியில் மாற்று ஆளாக வந்த 17 வயசு ஆயுஷ் மாத்ரே பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் அடித்த 94. இன்னொரு பக்கம், நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சனை 2022-ல் குஜராத் 20 லட்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. அவர் 2023 ஃபைனலில் நமக்கு எதிராகவே 96 அடித்தார். 2025-ல் 759 ரன்னோடு ஆரஞ்சு தொப்பி. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சரி, பெருசுகளா, சிறுசுகளா? நான் இங்கே ஒரு வங்கியில் கடன் பிரிவில் குப்பை கொட்டுகிறவன். படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த வழியில்தான் யோசிக்க முடியும்.

இளம் வீரர் என்பது முதிராத டெபாசிட். மூத்த வீரர் என்பது கையில் இருக்கும் ரொக்கம். டெபாசிட்டை முறித்தால் வட்டி போகும். ஆனால் முதிர்வுத் தேதி வரைக்கும் அந்தப் பத்திரம் உங்கள் பெயரிலேயே இருக்குமா என்பதுதான் முதல் கேள்வி. ஐபிஎல்லில் இருக்காது. சில வருஷத்துக்கு ஒருமுறை (2014, 2018, 2022, 2025) மெகா ஏலம் என்று எல்லாவற்றையும் கலைத்துவிடுவார்கள். நீங்கள் சோறு போட்டு வளர்த்த பையனை அடுத்த ஏலத்தில் பக்கத்து வீட்டுக்காரன் கொத்திக்கொண்டு போவான். அப்புறம் யார் பொறுமையாக வளர்ப்பார்கள்? 2018-ல் சென்னை பெருசுகளை எடுத்தது பைத்தியக்காரத்தனம் இல்லை, கணக்கு.

இங்கே அமெரிக்க பேஸ்பாலில் கதை வேறு. ஒரு பையன் பெரிய லீக்குக்கு வந்தபின் சுமார் ஆறு சீசன் அவன் அந்த அணிக்குத்தான். அதுவும் ஆரம்ப வருஷங்களில் சம்பளம் மிகக் குறைவு. அதனால் ஒவ்வொரு ஜூலையிலும் இங்கே ஒரே சண்டை. இந்த வருஷம் ஜெயிக்க ஒரு பெரிய ஆள் வேண்டும், அதற்கு மைனர் லீக்கில் வளரும் எந்தப் பையனைக் கொடுப்பது?

எங்க ஊர் டெட்ராய்ட் டைகர்ஸ் கதையை ஆபீஸில் பெருசுகள் இன்றைக்கும் பெருமூச்சு விட்டுச் சொல்வார்கள். 1987 ஆகஸ்ட். டைகர்ஸ் ஜெயிக்கும் நிலையில் இருக்கிறது, ஒரு பிட்சர் குறைகிறது. அட்லாண்டாவிடமிருந்து 36 வயசு டாயில் அலெக்ஸாண்டரை வாங்கினார்கள். மனுஷன் மிச்ச சீசனில் 9 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. கடைசி நாளில் டிவிஷனை ஜெயித்தார்கள். ஆனால் அடுத்த சுற்றில் மினசோட்டாவிடம் தோற்றார்கள், அலெக்ஸாண்டர் போட்ட இரண்டு ஆட்டமும் போச்சு. பதிலுக்குக் கொடுத்த 20 வயசு உள்ளூர்ப் பையன் பெயர் ஜான் ஸ்மோல்ட்ஸ். அட்லாண்டாவுக்கு இருபது வருஷம் ஆடி, 1995-ல் கோப்பை ஜெயித்து, 213 வெற்றி, 154 சேவ், 2015-ல் ஹால் ஆஃப் ஃபேம்.

இதைக் கேட்டதும் "பசங்களைக் கொடுக்கவே கூடாது" என்று தோன்றும். நிற்க. இதே டைகர்ஸ் 2007 டிசம்பரில் ஆறு இளைஞர்களைக் கொடுத்து மிகெல் கப்ரேராவையும் இன்னொருவரையும் வாங்கியது. கப்ரேரா 2012-ல் டிரிபிள் கிரவுன், அந்த வருஷமே டைகர்ஸ் வேர்ல்ட் சீரிஸ் வரை போனது. 2022-ல் அவர் 3000 ஹிட் தொட்டார். கொடுத்த ஆறு பேரில் ஒருத்தர்கூட கப்ரேரா ஆகவில்லை. ஸ்மோல்ட்ஸை ஞாபகம் வைத்திருக்கிறோம், ஒன்றுமில்லாமல் போன நூறு பேரை யாரும் ஞாபகம் வைப்பதில்லை. திரும்பி வராத கடனைப் பார்த்த எங்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

இதையெல்லாம் பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் எங்க வீட்டு டிரேடு ஞாபகம் வந்தது.

சொந்த ஊர் சித்தூர் ஜில்லா ராமகுப்பம். குப்பத்துக்குப் பக்கம். ஒரு பக்கம் கர்நாடகா, ஒரு பக்கம் தமிழ்நாடு, வீட்டில் தெலுங்கு கலந்த தமிழ். கேழ்வரகு, கடலை, மாடு. ராத்திரியில் காட்டிலிருந்து யானை வந்தால் கேழ்வரகும் இல்லை. மாடு மட்டும்தான் நம்பிக்கை.

1998-ல் எனக்கு வாணியம்பாடியில் பி.காம் சீட் கிடைத்தது. ஹாஸ்டல் ஃபீஸ் மாசாமாசம் கட்ட வேண்டும். கொட்டகையில் இரண்டு கிடேரிகள் இருந்தன. நல்ல ஜாதி. ஆனால் பால் கறக்க இன்னும் ஒன்றரை வருஷமாவது ஆகும். நைனா இரண்டையும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய், மேலே கொஞ்சம் கடன் போட்டு, மூணாம் ஈத்து ஜெர்சி கறவை ஒன்றைப் பிடித்து வந்தார். நாளைக்குப் பத்து லிட்டர். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பால் பணம் வரும், அது அப்படியே எனக்கு மணியார்டர் ஆகும்.

இரண்டு வருஷம் அந்த மாடு என்னைப் படிக்க வைத்தது. அப்புறம் சினை பிடிக்கவே இல்லை. மூணாவது வருஷம் கடலை விற்று ஒப்பேற்றினார்கள். கிடேரிகளை வாங்கியவர் எங்கள் தெருக்காரர்தான். இரண்டும் ஈன்று, ஒவ்வொன்றும் ஐந்தாறு ஈத்து கொடுத்தது. அவர் கொட்டகைக்கு சிமென்ட் தரை போட்டார். நைனா தினமும் அந்த வழியாகத்தான் போவார்.

போன வாரம் போனில் கேட்டேவிட்டேன். "நைனா, அந்தக் கிடேரிங்கள வித்தது தப்புன்னு எப்பவாச்சும் தோணிச்சா?"

"அன்னிக்கிப் பால் வேணும்டா. கன்னுக்குட்டி அன்னிக்கிப் பால் குடுக்குமா?" என்றார். அவ்வளவுதான். எங்கள் வங்கியில் இதையே நாற்பது பக்கம் எழுதுவோம்.

பையனிடம் சொன்னேன்: முதல் கேள்வி, பால் எந்தத் தேதிக்கு வேண்டும்? ஜெயிக்கும் தூரத்தில் இருந்தால் கிடேரியைக் கொடுக்கலாம். கடைசி இடத்தில் இருந்துகொண்டு கறவை வாங்குவது வீண். இரண்டாவது, கொட்டகையில் வேறு கன்று இருக்கிறதா? விதை நெல்லையே குத்தித் தின்னக் கூடாது. இந்தக் கணக்கில் பார்த்தால் சென்னை செய்தது சரி.

அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான். "ஜட்டுகிட்ட கேட்டாங்களாப்பா?"

ஐபிஎல் டிரேடுக்கு வீரரின் சம்மதம் வேண்டும், அதனால் கேட்டிருப்பார்கள் என்றேன். பேஸ்பாலில் பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் இருந்தவருக்குத்தான் மாட்டேன் என்று சொல்லும் உரிமை. ஸ்மோல்ட்ஸ் மாதிரி இருபது வயசுப் பையனை யாரும் கேட்பதில்லை.

சொல்லி முடித்ததும் தொண்டையில் ஏதோ அடைத்தது.

அந்தக் கிடேரிகளைக் கன்றிலிருந்து வளர்த்தது நான் இல்லை, நைனாவும் இல்லை. அக்கா. காலையில் புல் அறுத்து வருவதும், மடுவில் குளிப்பாட்டுவதும் அவள்தான். இன்டர் முடித்திருந்தாள். கிடேரிகள் பாலுக்கு வந்தால் அந்தப் பணத்தில் டீச்சர் டிரெயினிங் சேர வேண்டும் என்பது அவள் கணக்கு. அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டுவதில் மும்முரமாக இருந்தேன். அக்கா டிரெயினிங் போகவே இல்லை.

எந்த அட்டவணையிலும் இந்தச் செலவை நான் எழுதியதில்லை. சனிக்கிழமை ராத்திரி, ஊரில் விடிந்ததும், அக்காவுக்குப் போன் போட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உளறினேன். கிடேரி, டிரெயினிங், மன்னிப்பு என்று ஏதேதோ.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அந்தச் செவலைக்கு நெத்தியில வெள்ளையா இருக்கும், ஞாபகம் இருக்காடா?" என்றாள். "அது வித்தப்புறமும் ரெண்டு மூணு தடவ கயித்த அறுத்துக்கிட்டு நம்ம வூட்டுக்கே வந்துச்சு. நான்தான் திரும்ப ஓட்டிக்கிட்டுப் போயி வுட்டேன்."

அப்புறம் பையன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்டாள்.