போப் ஐயரும் ஈரடியும்

ஜி.யு.போப் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது அந்தக் கல்லறைக் கதைதான். "ஒரு தமிழ் மாணவன் இங்கே உறங்குகிறான்" என்று தன் கல்லறையில் எழுதச் சொன்னாராம். ஏழாம் வகுப்புப் பேச்சுப்போட்டியில் இதைக் குரல் தழுதழுக்கச் சொல்லி டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன் நான். அது இன்னும் வீட்டில் இருக்கிறது.

போன மாதம்தான் ஆக்ஸ்போர்டில் இருக்கும் அந்தக் கல்லின் புகைப்படத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு வரியே இல்லை! குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அவருடைய வாழ்நாள் உழைப்பை மதித்து வைத்த கல் என்றுதான் இருக்கிறது. டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கணுமோ?

சரி, நிஜ போப்புக்கு வருவோம். 1820-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தவர். 1839-இல் மதராஸ் வந்தார். 1842-இல் சாயர்புரம். ஏரல் பக்கத்து ஊர், அப்போது திருநெல்வேலி ஜில்லா, இப்போது தூத்துக்குடி மாவட்டம். வயசு 22. நம்ம பசங்க அரியர் எழுதிக்கொண்டிருக்கும் வயசில், பனங்காட்டு ஊரில் பள்ளி தொடங்கி, பையன்களுக்கு லத்தீனும் எபிரேயமும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் அடுத்த விஷயத்தை எந்தப் பேச்சுப்போட்டியிலும் சொல்ல மாட்டார்கள். அவருடைய கண்டிப்பு தாங்காமல் மாணவர்கள் அடிக்கடி சின்னச் சின்னக் கலகம் செய்தார்களாம். கடைசியில் அதனாலேயே அவர் சாயர்புரத்தை விட்டுப் போக வேண்டியதாயிற்று. சொன்னது வேறு யாரும் இல்லை, இடையன்குடி கால்டுவெல்!

படித்ததும் என் உள்ளங்கை குறுகுறுத்தது. எட்டாம் வகுப்பில் 'இனியவை கூறல்' அதிகாரத்தில் ஒரு குறள் மறந்துபோச்சு. "நீட்டுல கையை." இரண்டு அடி. ஈரடி வெண்பாவுக்கு ஈரடி! கட்டாயக் கல்விச் சட்டம் 2009-லேயே அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அது எங்கள் வகுப்புக்கு வந்து சேரவில்லை. வேடிக்கை என்னவென்றால், போப் பேச்சை எழுதிக் கொடுத்து, தினமும் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததும் அதே சார்தான்.

போப் அப்புறம் தஞ்சாவூர், ஊட்டி, 1871-இலிருந்து பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளி என்று சுற்றினார். 1884-இல் ஆக்ஸ்போர்டில் தமிழ் ஆசிரியர். 1886-இல் குறள் ஆங்கிலத்தில் வந்தது, 1900-இல், எண்பது வயதில், திருவாசகம். அந்த எண்பது வயசுக்காரரை எனக்குப் பிடிக்கிறது. ஆனாலும் சாயர்புரத்துப் பையன்கள் பக்கம்தான் மனசு போகிறது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பாளை மார்க்கெட்டில் சாரைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. கையில் முருங்கைக்காய்க் கட்டு. கல்லறையில் அந்த வரியே இல்லை சார் என்றேன்.

"எனக்குத் தெரியும்ல. சொல்லியிருந்தா நீ அப்படிப் பேசியிருப்பியா?" என்று சிரித்தார்.

பிரம்பைப் பற்றிக் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன்.