மாத்திரை போன பிறகும் வேலை நடக்கும்

காரைக்காலில் மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் எங்களிடம் எதையும் தயங்காமல் கேட்பார்கள். "இது எதுக்கு?" என்பார்கள். "சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?" என்பார்கள். "பவர் கொஞ்சம் கூடுதலா இருக்குமோ?" என்று சந்தேகப்படுவார்கள். "உள்ளே போனா எவ்வளவு நேரம் இருக்கும், எவ்வளவு நாள் வேலை செய்யும்?" என்று மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை. இத்தனை வருடம் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றதில் எனக்குப் புரிந்தது ஒன்று. மருந்தால் வருகிற தொல்லைகளில் பலவும், மருந்து பலிக்கவில்லை என்கிற புகார்களில் பலவும், கேட்கப்படாத அந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன.

மருந்தியல் பாடத்துக்கு இரண்டு பாதி உண்டு. மருந்து உடம்பை என்ன செய்கிறது என்பது ஒரு பாதி. உடம்பு மருந்தை என்ன செய்கிறது என்பது மறு பாதி: குடல் அதை உறிஞ்சுவது, ரத்தம் அதைக் கொண்டுபோவது, கல்லீரல் உடைப்பது, சிறுநீரகம் வெளியேற்றுவது. முதல் பாதியை அட்டையின் மேலேயே போட்டிருப்பார்கள். இரண்டாம் பாதியை நாங்கள்தான் சொல்லியாக வேண்டும்.

ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். பாராசிட்டமாலுக்கு அது 2 முதல் 3 மணி நேரம். பிரஷருக்குப் பரவலாக எழுதப்படும் அம்லோடிபினுக்கு 30 முதல் 50 மணி நேரம். தைராய்டுக்குச் சாப்பிடும் தைராக்சினுக்கு ஏறக்குறைய 7 நாள். இந்த மூன்றையும் ஒரே மாதிரி நினைத்துக்கொண்டு சாப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி பக்கமிருந்து கடலுக்குப் போகிறவர்கள் கரையில் இருக்கும் நாட்களில்தான் டாக்டரைப் பார்ப்பார்கள். "ரெண்டு நாள் போட்டேண்ணே, பிரஷர் இறங்கவே இல்ல, வேற கம்பெனி குடுங்க" என்று வந்து நிற்பார் ஒருவர். கம்பெனி மேல் தப்பில்லை. மடையில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே வடிகாலில் வடிந்துகொண்டும் இருக்கிற வயலில், வரத்தும் வடிதலும் சமமாகிற போதுதான் நீர்மட்டம் நிலைக்கும். தினம் ஒரு மாத்திரை உள்ளே போக, தினம் ஒரு பங்கு வெளியே போக, மருந்தின் அளவு நிலைப்பட நாலைந்து அரை ஆயுள் ஆகும். அம்லோடிபினுக்கு அது ஒரு வாரத்துக்கு மேல். அதற்குள் மாத்திரையை மாற்றுவதில் அர்த்தமில்லை.

இதே கணக்கில் ஓர் ஆறுதலும் உண்டு. கடலில் ஒரு நாள் அம்லோடிபின் தவறிவிட்டால் குடிமுழுகிப் போகாது. மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடத் தேவையும் இல்லை, போடவும் கூடாது. ஆனால் எல்லா பிரஷர் மாத்திரையும் இப்படிப் பொறுத்துக்கொள்ளாது. குளோனிடினைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷர் முன்னைவிட அதிகமாக எகிறலாம். புரோப்ரனலாலைத் திடீரென்று விட்டால் இதய நோயாளிக்கு நெஞ்சுவலி வரலாம். அதனால் நான் சொல்வது ஒன்றே ஒன்று: படகில் ஐஸ் ஏற்றும்போதே மாத்திரை டப்பாவையும் ஏற்றிவிடுங்கள்.

அரை ஆயுளோடு கதை முடிந்துவிடுவதில்லை. மருந்து ரத்தத்தை விட்டுப் போய்விடும், அது செய்த வேலை போகாது. இதற்கு ஆஸ்பிரினைவிட நல்ல சாட்சி இல்லை. விழுங்கிய ஆஸ்பிரின் ரத்தத்தில் தன் வடிவில் இருப்பது கொஞ்ச நேரம்தான்; 15, 20 நிமிடத்தில் பாதி காணாமல் போய்விடும். ஆனால் அதற்குள், ரத்தம் உறைய உதவும் ரத்தத்தட்டுகளில் இருக்கும் ஒரு நொதியை நிரந்தரமாக முடக்கிவிடும். ரத்தத்தட்டுக்கு உட்கரு கிடையாது, புது நொதியைச் செய்துகொள்ள அதனால் முடியாது. அந்தத் தட்டின் ஆயுளான 7 முதல் 10 நாளும் அது முடங்கியே கிடக்கும். ஆஸ்பிரின் இந்த நொதியின் வேலையான பிராஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்பதை ஜான் வேன் 1971-இல் கண்டு சொன்னார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆஸ்பிரினின் இந்த நீண்ட வேலை காரைக்காலில் பல் பிடுங்கும் நாளில் தெரியும். "காலைல ரத்த மாத்திரை போடலண்ணே, பல்லு எடுக்கலாம்ல?" என்பார்கள். ஒரு வேளை விட்டதால் எதுவும் மாறிவிடவில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து. பல் டாக்டரிடம் சொல்லுங்கள், இதய டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

எல்லோர் வீட்டிலும் இருக்கும் 'கேஸ் மாத்திரை' பான்டோபிரசோலும் இதே ரகம். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் ஒரு மணி நேரம் அளவுதான். ஆனால் வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகளை அது பிடித்து நிறுத்திவிட்டால் அந்த வேலை ஒரு நாள் நிற்கும். ஒரு நிபந்தனை, பம்பு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடாத பம்பை அதனால் பிடிக்க முடியாது. பம்பை ஓட வைப்பது சாப்பாடு. அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் என்று சொல்கிறோம். ராத்திரி பிரியாணி சாப்பிட்டு, ஏப்பம் வந்த பிறகு போடுகிற மாத்திரை பாதி வீண்.

இந்த ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. புதுச்சேரி ஆட்சிப் பகுதி என்பதால் இங்கே சரக்கு விலை குறைவு. வாஞ்சூர் எல்லை வரை வந்து குடித்துவிட்டுப் போகிறவர்கள் போக, ஊருக்குள்ளும் குடிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுப் பெண்கள் அவ்வப்போது கடைக்கு வருவார்கள். கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார்கள்.

"தம்பி, குடிய நிறுத்துற மாத்திரை இருக்காமே. சோத்துல கலந்தா தெரியாதுங்கறாங்க. ஒரு அட்ட குடுங்க."

"யாருக்கா சொன்னது?"

"பக்கத்து வீட்ல. அவங்க வீட்டுக்காரருக்கு கேட்டுச்சாம்."

அவர் கேட்பது டைசல்ஃபிராம். 1940-களில் டென்மார்க்கில் எரிக் யாகோப்சென், யென்ஸ் ஹால்ட் என்ற இருவர் குடற்புழு மருந்தாக இதை ஆராய்ந்தபோது தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு மது அருந்தியபோது உடம்பு படுத்தியதைக் கவனித்தார்கள். மது உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். அதை ஒரு நொதி உடனுக்குடன் உடைத்து அகற்றும். டைசல்ஃபிராம் அந்த நொதியை மீளாமல் முடக்குகிறது. பிறகு குடித்தால் நச்சு தேங்கி முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், பிரஷர் விழும். இதய நோய் இருந்தால் சாவும் நேரலாம். உடம்பு புது நொதியைச் செய்து முடிக்கும்வரை, மாத்திரையை நிறுத்தி 14 நாள் வரைகூட, இந்த ஆபத்து நீடிக்கும். "இன்னைக்கு நான் கலக்கலயே" என்று அந்த அக்கா நிம்மதியாக இருக்கும் நாளில்கூட அவர் வீட்டுக்காரர் விழுந்து கிடக்கலாம்.

இன்னொன்றும் அவரிடம் சொல்வேன். இந்த மாத்திரை பலிப்பதே பயத்தால். குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர் கிளாஸைத் தொடமாட்டார். தெரியாமல் சாப்பிட்டவருக்குப் பயம் ஏது? அவர் வழக்கம்போலக் குடிப்பார். சீட்டு இல்லாமல் இதைக் கொடுக்க எனக்கு உரிமையும் இல்லை. இருவருமாக மனநல மருத்துவரிடம் போங்கள் என்று அனுப்பிவைப்பேன். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள், போகட்டும்.

இந்த ஊரின் இன்னொரு வழக்கம் பிரான்சிலிருந்து வரும் பெட்டி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் 'சொல்தா' பென்ஷன் வாங்கும் குடும்பங்களிலும், பிள்ளைகள் பாரிஸில் இருக்கும் வீடுகளிலும், சென்ட், சாக்லேட்டோடு மஞ்சள் டப்பாவில் டோலிப்ரான் வரும். 'பிரான்ஸ் மருந்து' என்று அதற்குத் தனி மரியாதை. டோலிப்ரான் 1000 என்றால் 1 கிராம் பாராசிட்டமால். நம்ம ஊர் டோலோ 650-ம் பாராசிட்டமால்தான். காய்ச்சல் வந்த பெரியவர் அதில் மூன்று வேளை, இதில் மூன்று வேளை என்று சாப்பிட்டால், 3,000 மில்லிகிராமும் 1,950-ம் சேர்ந்து 4,950. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4,000. இடையில் சளிக்கு என்று வாங்கிய கூட்டு மாத்திரையிலும் பாராசிட்டமால் இருந்தால் இன்னும் ஏறும். அளவு மீறினால் கல்லீரல் கெடும் என்ற எச்சரிக்கை அந்த மஞ்சள் டப்பாவிலேயே உண்டு, பிரெஞ்சில். படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை பாரிஸில் இருக்கிறான்.

பாராசிட்டமாலில் ஒரு சிறு பங்கு கல்லீரலில் நச்சாக மாறும். குளுட்டாதயோன் என்ற பொருள் அதை அடக்கிவிடும். அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்துபோய் நச்சு கல்லீரலையே தாக்கும். நாள்பட்ட குடியர்களுக்கு நச்சாக மாறும் பங்கு அதிகம், குளுட்டாதயோன் இருப்போ குறைவு. முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியாது என்பதுதான் இதில் மோசம். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரலைக் காப்பாற்றிவிடலாம். எத்தனை மாத்திரை என்பதோடு எத்தனை மணிக்கு என்பதையும் டாக்டர் கேட்பது இதனால்தான்.

கல்லீரலைத் தவிர்த்துவிட்டுப் போக வேண்டிய மருந்தும் உண்டு. நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைத்தால் நேராக ரத்தத்தில் சேர்ந்து சில நிமிடங்களில் வேலை செய்யும். தண்ணீர் விட்டு விழுங்கினால் கல்லீரல் பெரும்பகுதியை உடைத்துவிடும், நேரமும் ஆகும். சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கோயில் வரிசையில் நிற்கும் வெளியூர்ப் பெரியவர்களின் பிள்ளைகள் இதை முக்கியமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நோன்பு மாதத்தில் சுகர் மாத்திரையின் நேரம் மாறும். கிளிமெபிரைடு போன்றவை இன்சுலினைச் சுரக்க வைப்பவை. பகலெல்லாம் வயிறு காலியாக இருக்கும்போது சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு அந்த ஆபத்து குறைவு. எதை சஹருக்கு, எதை இஃப்தாருக்கு, எதைக் குறைப்பது என்பதை நோன்பு தொடங்கும் முன்பே டாக்டரிடம் பேசி முடித்துவிட வேண்டும்.

கடைக்கு வரும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பிரான்ஸ் டப்பா, சித்த வைத்தியர் கொடுத்த சூரணம், பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டது, எதையும் விடவேண்டாம். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று சொல்லுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கேட்பது உங்களை எடைபோட அல்ல, மருந்தை எடைபோட. திரும்பும்போது பெயரையும் விலையையும் மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். "இது எத்தனை நாள் வேலை செய்யும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்லத்தான் மருந்தாளுநர் என்று ஒருவர் அங்கே நிற்கிறார்.