தொகையும் தரமும்

தமிழில் ‘தொகை’ என்னும் சொல் இரண்டு வீடுகளில் வாழ்கிறது. பாடல்களைச் சேர்த்து வைத்தாலும் தொகை. பணத்தைச் சேர்த்து வைத்தாலும் தொகை. எட்டுத்தொகையைப் பாடம் சொல்லிப் பிழைக்கும் எனக்கு இரண்டாவது தொகையோடு உள்ள உறவு பெரும்பாலும் மாதத்தின் முதல் வாரத்தோடு முடிந்துவிடுவது. எனினும் கடந்த சில மாதங்களாக, பொதுவெளியில் கிடைக்கும் அமெரிக்கக் கடன் ஒப்பந்தம் ஒன்றை அகராதியும் பென்சிலுமாக உட்கார்ந்து வாசித்து வருகிறேன்.

காரணம் என் அக்கா மகன். சென்னையில், அயல்நாட்டு வங்கி ஒன்றுக்காகக் கடன் தொகுப்புகளின் கணக்கைச் சரிபார்க்கும் அலுவலகத்தில் பணிபுரிகிறான். “மாமா, நான் என்ன வேலை பாக்குறேன்னு அப்பாவுக்குத் தமிழ்ல சொல்ல வரல. நீங்க சொல்லிப் பாருங்களேன்” என்றான். சொல்வதற்கு முன் எனக்குப் புரிய வேண்டுமே. அப்படித்தான் இந்த வாசிப்பு தொடங்கியது.

அவன் பார்க்கும் தொகுப்புக்குச் சி.எல்.ஓ. என்று பெயர். ஏற்கெனவே கடன்சுமை மிகுந்த நிறுவனங்கள் வாங்கிய கடன்களில் ஓர் இருநூறு, முந்நூறு கடன்களை வாங்கி ஒன்றாகச் சேர்க்கிறார்கள். அத்தொகுப்பின் பேரில் பல அடுக்குகளாகப் பத்திரங்களை விற்கிறார்கள். நம் பாசனத்தை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். கடனாளிகள் கட்டும் வட்டி வாய்க்காலில் வரும் நீர். தலைமடைக்காரருக்கு முதலில் பாயும். அவருக்கு ஆபத்துக் குறைவு, வட்டியும் குறைவு. கடைமடைக்காரருக்கு மிஞ்சியதே கிடைக்கும். நல்ல ஆண்டில் அதுவே மிகுதியாகவும் இருக்கும். முதல் நான்கைந்து ஆண்டுகள் மேலாளர் ஒருவர் கடன்களை விற்றும் வாங்கியும் தொகுப்பை மாற்றிக்கொண்டே இருப்பார். அவர் தம் விருப்பம்போல் மாற்றிவிடாமல் காப்பவையே ‘ஈட்டுத் தரச் சோதனைகள்’. ஆவணங்களைக் காத்து, மாதந்தோறும் கணக்கை அறிக்கையாக வெளியிடும் வங்கிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைத் தமிழாக்கினால் ‘அறங்காவலர்’ என்று வருகிறது. கோயில் நிலங்களை மேற்பார்க்கும் பெயர் அமெரிக்கக் கடன் பத்திரத்தில் வந்து உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஒப்பந்தத்தில் இருவகை விதிகள் உள்ளன. முதல்வகை, ஒவ்வொரு கடனும் தொகுப்புக்குள் நுழையும் தகுதி பற்றியது. இது நமக்குப் பழக்கமானதே. குறுந்தொகைக்கு நான்கு முதல் எட்டடி, நற்றிணைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு அடி, அகநானூற்றுக்குப் பதின்மூன்று முதல் முப்பத்தொரு அடி என்று தொகுத்தோர் வரம்பு கட்டினார்கள். சில விலக்குகள் இருப்பினும், வாசலில் நின்று ஒவ்வொரு பாடலாக அளந்து உள்ளே விடும் முறை அது.

இரண்டாம் வகை வேறு. அது தனிக்கடனைக் கேட்பதில்லை, தொகையைக் கேட்கிறது. குறுந்தொகைப் பாடல்களின் சராசரி அடி இத்தனைக்கு மிகக்கூடாது என்று தொகுத்தோர் விதித்திருந்தால், ஒரு நெடும்பாட்டை உள்ளே விட்டு, இரண்டு குறும்பாட்டால் அதை ஈடுகட்டியிருக்கலாம். தரச் சோதனைகள் இவ்வகையின. சராசரி வட்டி இவ்வளவுக்குக் குறையக்கூடாது, சராசரி ஆயுள் இவ்வளவுக்கு மிகக்கூடாது, தவறிய கடனிலிருந்து மீளக்கூடிய சராசரிப் பங்கு இவ்வளவேனும் இருக்க வேண்டும் என்று அவை நீள்கின்றன. இவற்றுள் இரண்டு என்னை நெடுநேரம் நிறுத்தின.

ஒன்று, இடர் எண்ணின் நிறையிட்ட சராசரி. மூடீஸ் நிறுவனம் ஒவ்வொரு தரத்துக்கும் ஓர் எண் வகுத்துள்ளது. மிக உயர்ந்த மூன்று ஏ தரத்துக்கு 1. பி1 தரத்துக்கு 2220. பி2 தரத்துக்கு 2720. பத்தாண்டுகளில் அத்தகைய கடன் தவறும் வாய்ப்பு 27.20 சதவீதம் என்னும் கணிப்பிலிருந்து பிறந்த எண் அது. இன்னும் கீழே சிஏஏ1 தரத்துக்கு 4770. அடித்தட்டுக்கு 10000. இறங்க இறங்கப் படிகள் உயரமாகிக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு கடனின் எண்ணையும் அக்கடனின் அளவால் நிறையிட்டுச் சராசரி காண வேண்டும். அது ஒப்பந்த வரம்பைத் தாண்டக்கூடாது.

சமமான பத்துக் கடன்கள் கொண்ட ஒரு தொகுப்பை எடுத்துக்கொள்வோம். பத்தும் பி2 எனில் சராசரி 2720. இன்னொரு தொகுப்பில் எட்டு பி1, இரண்டு சிஏஏ1 எனில் சராசரி 2730. ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் முதல் தொகுப்பில் எல்லாரும் ஒரே அளவு தளர்ந்தவர்கள். இரண்டாவதில் எட்டுப் பேர் சற்றுத் தேறியவர்கள், இருவர் படுக்கையில் இருப்பவர்கள். வகுப்புச் சராசரியை வைத்துக்கொண்டு கடைசி இருக்கை மாணவனைப் பற்றிப் பேசுவோரைப் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். சராசரிக்கு அவனைத் தெரியாது. ஒப்பந்தம் எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் சிசிசி தரமும் அதற்குக் கீழும் உள்ள கடன்களுக்கு, பெரும்பாலும் 7.5 சதவீதம் என்று தனியே வரம்பு வைத்திருக்கிறார்கள்.

மற்றொன்று, பன்மை மதிப்பெண். ஒரே துறையைச் சேர்ந்த சம அளவுள்ள இரண்டு நிறுவனங்களை இச்சோதனை இரண்டாக எண்ணுவதில்லை, ஒன்றரையாக எண்ணுகிறது. மூன்றை இரண்டாக, ஆறை மூன்றாக, பத்தை நான்காக எண்ணுகிறது. ஒரே துறையில் இருப்போர் ஒரே காற்றில் சாய்வர் என்பதே இதன் அடிப்படை. பத்துப் பேர் கடன் வாங்கியிருந்தாலும் விழும்போது நான்கு பேராகத்தான் விழுவார்கள் என்று ஒரு கணக்கு சொல்வது, முதல் வாசிப்பில் எனக்கு ஏறக்குறைய ஒரு கவிஞனின் கூற்றுப்போல் பட்டது.

நம் இலக்கண நூல்களில் இயலின் முடிவில் புறனடை வைப்பதுபோல், இங்கும் ஒரு புறனடை உண்டு. சோதனையில் தொகுப்பு ஏற்கெனவே தவறியிருந்தால், புதிதாக வாங்கும் கடன் நிலைமையை மேலும் கெடுக்காமல் இருந்தால் போதும். ஆக, தரச் சோதனை நோயைத் தீர்ப்பதில்லை. மேலாளரின் கையைப் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவே. வாய்க்காலின் போக்கையே மாற்றுவது வேறொரு சோதனை. ஈட்டின் மதிப்பு மேலடுக்குப் பத்திரங்களின் மதிப்பைவிடப் போதுமான அளவு மிகுந்திருக்கிறதா என்று பார்ப்பது அது. தவறினால் கடைமடைக்கு அடைப்பு விழும். அந்த நீர் மேலடுக்கின் கடனைக் கழிக்கத் திருப்பப்படும்.

இவ்வளவு காவலும் எப்போது பயன்படும், எப்போது பயன்படாது என்பதற்கு வரலாறு இரண்டு விடைகள் தந்திருக்கிறது. 2008 நெருக்கடிக்கு முன் வீட்டு அடமானப் பத்திரங்களைக் கொண்டும் இதுபோன்ற தொகுப்புகள் கட்டப்பட்டன. அமெரிக்காவின் பல மாநிலங்களிலிருந்து எடுத்தவை ஆதலால் அவை பன்மை உடையனவாகத் தோன்றின. ஆனால் எல்லா வீடுகளும் ஒரே எதிர்பார்ப்பின்மீது நின்றன: வீட்டு விலை நாடு முழுவதும் ஒருசேரச் சரியாது என்பது. அது சரிந்தது. 2006-ஆம் ஆண்டில் மூடீஸ் மூன்று ஏ தரம் வழங்கிய அடமானப் பத்திரங்களில் 83 சதவீதம் பின்னர்த் தரமிறக்கப்பட்டன என்று, 2011 ஜனவரியில் வெளிவந்த அமெரிக்க நிதி நெருக்கடி விசாரணைக் குழுவின் அறிக்கை கூறுகிறது. அதே புயலில், பல துறை நிறுவனக் கடன்களால் ஆன சி.எல்.ஓ.க்களின் மூன்று ஏ அடுக்குகள் முதலை இழக்கவில்லை. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது தரமிறக்கங்கள் குவிந்தன. பல தொகுப்புகள் 7.5 சதவீத வரம்பைத் தாண்டின. சிலவற்றில் கடைமடை அடைபட்டது. மேலடுக்கு நனையாமல் தப்பியது. கணக்கு ஒன்றுபோலவே இருந்தும் விடை மாறியது. கடனாளிகள் உண்மையிலேயே தனித்தனி ஆட்களா, அல்லது ஒரே ஆள் பல பெயர்களில் கையெழுத்திட்டிருக்கிறாரா என்பதே வேறுபாடு.

இதை நான் அமெரிக்காவுக்குப் போய்க் கற்க வேண்டியிருக்கவில்லை. முன்பு நான் வேலை பார்த்த கல்லூரி ஒன்றில், பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். கடன் கேட்பவர் யார், எத்தனை ஆண்டுப் பணி, பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு என்று ஒவ்வொரு விண்ணப்பமாகப் பார்ப்போம். இரண்டு சக ஊழியர்கள் ஜாமீன் போட வேண்டும். தவணை சம்பளத்திலேயே பிடிக்கப்படும். சங்கத்தின் ஏட்டில் தவறிய கடன் என்று ஒன்றுகூட இல்லை.

ஓர் ஆண்டு நிர்வாகம் தொடர்ந்து நான்கு மாதம் சம்பளம் போடவில்லை. முதல் மாதத்திலேயே அத்தனை கடன்களும் ஒரே நாளில் நின்றன. ஜாமீன்காரரைக் கூப்பிடலாம் என்றால், அவருடைய சம்பளமும் அதே பெட்டியிலிருந்துதான் வர வேண்டும். மகள் திருமணத்துக்கு வாங்கிய அலுவலக உதவியாளரும், வீட்டுக்கு மாடி எடுக்க வாங்கிய துறைத்தலைவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஏட்டில் அறுபதுக்கு மேல் பெயர்கள் இருந்தன. பன்மை மதிப்பெண் அன்று எனக்குத் தெரிந்திருந்தால் ‘ஒன்று’ என்று எழுதியிருப்பேன். அந்த ஒன்று, கடன் விண்ணப்பம் எதிலும் கையெழுத்திடாத நிர்வாகம்.

சம்பளம் ஒருவழியாக வந்தபின் சங்கக் கூட்டத்தில் மூன்றாவது ஜாமீன் கேட்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். கணக்குத் துறையில் மூத்த ஆசிரியை ஒருவர் எழுந்து, “மூணாவது ஆளுக்குச் சம்பளம் எங்கேயிருந்து வருதுங்க, சார்?” என்று மட்டும் கேட்டு உட்கார்ந்தார். முன்மொழிவு அத்தோடு போயிற்று. பதிலாக, லாபத்தில் ஒரு பங்கைப் பிரித்து, கல்லூரியின் பணப்பெட்டியோடு தொடர்பில்லாத கூட்டுறவு வங்கியில் ஒதுக்கு நிதியாகப் போடுவது என்று முடிவாயிற்று. எங்களுக்கு ஆண்டு ஈவுத்தொகை சற்றுக் குறைந்தது.

அக்கா மகனின் வேலையை இப்போது ஓரளவு சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். இருநூறு பேர் சேர்ந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்து, இவர்கள் சராசரியாக எவ்வளவு தளர்ந்திருக்கிறார்கள், விழுந்தால் எத்தனை பேராக விழுவார்கள் என்று மாதந்தோறும் எண்ணிச் சொல்வது. எண்ணுவதற்கு அட்டவணை இருக்கிறது. அட்டவணையின் துறைப் பிரிவில் அடங்காத ஒரு கேள்வி மட்டும் மனிதருக்கு மிஞ்சுகிறது. இவர்கள் அத்தனை பேருக்கும் சோறு வருவது ஒரே பானையிலிருந்தா என்பதே அது.