ஒரே ஒரு கொட்டை

மே மாதக் கடைசி. கொடைக்கானலில் இருந்து இறங்கிய பிளம்ஸ், வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்ட் அருகே கூடை கூடையாக வந்திருந்தது. மருமகள் அரைக் கிலோ வாங்கிவிட்டாள். ஆனால், வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் தயக்கம். மாமியார் பழத்தைத் தொட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.

மாமியாருக்கு 66 வயது. பிறந்தது கொடைக்கானல் மலைக் கிராமத்தில். வீட்டின் பின்னால் இருந்த பிளம்ஸ் மரத்தில் ஏறி, காயைப் பறித்து உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்று வளர்ந்தவர். பன்னிரண்டு வருடமாக சுகர். கூடவே மலச்சிக்கல்.

வெளிநாட்டில் இருக்கும் இளைய மகன் போன முறை வந்தபோது, உலர்ந்த பிளம்ஸ் பாக்கெட்டுகள் கொண்டுவந்தான். "நம்ம ஊர்ப் பழந்தானே, காய வெச்சிருக்காங்க" என்று அவர் காலையில் ஒரு கைப்பிடி, மாலையில் ஒரு கைப்பிடி சாப்பிட்டார். மலச்சிக்கல் தீர்ந்தது. ஆனால் வயிறு உப்பியது. அடுத்த ரத்தப் பரிசோதனையில், சாப்பாட்டுக்குப் பிறகான சுகர் 240.

மூத்த மகன் கொதித்துவிட்டான். "இனிமே இந்த வீட்டுல அம்மாவுக்குப் பழமே கிடையாது!"

மாமியார் எதிர்த்துப் பேசவில்லை. கொய்யா, பப்பாளி எல்லாவற்றையும் விட்டார். மலச்சிக்கல் திரும்பி வந்தது. பேத்தி பழம் நறுக்கினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். மருமகளுக்கு அதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஒருநாள் மிச்சமிருந்த பாக்கெட்டைத் திருப்பி, பின்னால் அச்சிட்டிருந்ததைப் படித்தாள். 100 கிராமில் சர்க்கரை மட்டும் 38 கிராம். ஒரு கைப்பிடியில் பத்துப் பழம் என்றால் 90 கிராமுக்கு மேல் இருக்கும். இரண்டு வேளைக்கும் சேர்த்தால், அத்தை தினமும் 70 கிராம் சர்க்கரை சாப்பிட்டிருக்கிறார்!

புதுப் பழம் அப்படியல்ல. 100 கிராமில் 87 கிராம் தண்ணீர்தான். சர்க்கரை சுமார் 10 கிராம், 46 கலோரி. காய்ந்ததும் தண்ணீர் போய்விடுகிறது, இனிப்பு அதே இடத்தில் நெருங்கி உட்கார்ந்துகொள்கிறது. 100 கிராம் உலர் பழத்தில் 240 கலோரி. வயிற்றை இளக்கியது அதிலுள்ள நார்ச்சத்தும் சார்பிட்டால் என்ற பொருளும். அளவு மீறினால் வயிற்றை உப்பவைப்பதும் அதே சார்பிட்டால்தான்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது மருமகளும் கூடப் போனாள். "பழம் குத்தவாளி இல்லம்மா. எந்தப் பழம், எத்தனைங்கறதுதான் விஷயம்" என்றார் டாக்டர். நடுத்தர அளவில் ஒரு புதுப் பழம் தினமும் சாப்பிடலாம். சாப்பாடு முடிந்த கையோடு வேண்டாம், இடைவேளையில் போதும் என்றார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கேட்காமல் உலர் பழம் சாப்பிடக் கூடாது. அதில் பொட்டாசியம் மிக அதிகம் என்றும் எச்சரித்தார்.

அந்த தைரியத்தில்தான் இந்த அரைக் கிலோ.

பையைத் திறந்ததும் பேத்தி முகம் சுளித்தாள். "பாட்டி, மேல வெள்ளையா மருந்து அடிச்சிருக்காங்க."

மாமியார் மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு பழத்தைக் கையில் எடுத்தார். "மருந்து இல்லடி. அது பழமே பூசிக்கிற மெழுகு. ஈரம் காயாம காப்பாத்தும். கை பட்டா அழிஞ்சிடும். இது அழியாம இருக்குன்னா அதிகம் கைபடாத பழம்னு அர்த்தம். ஆனாலும் கழுவித்தான் தின்னணும்."

காம்புப் பக்கம் லேசாக அழுத்திப் பார்த்தார். "இது கொஞ்சம் அமுங்குது, இன்னைக்குத் தின்னலாம். கல்லு மாதிரி இருக்கறதெல்லாம் ரெண்டு நாள் வெளியிலேயே இருக்கட்டும். பழுத்தப்புறம் ஃப்ரிட்ஜ்ல வை."

பேத்தி தோலை உரிக்கப் போனாள். கையைப் பிடித்துத் தடுத்தார். புளிப்பு இருப்பது தோலில்தான். அந்தக் கருஞ்சிவப்பு நிறச் சத்தும் அங்கேதான். நார்ச்சத்தும் தோலோடு சாப்பிட்டால்தான் முழுசாகக் கிடைக்கும்.

"கொட்டைய உடைச்சு உள்ள இருக்கற பருப்பைத் தின்னுடாத" என்றும் சொன்னார். பிளம்ஸ், பீச், ஆப்ரிகாட், பாதாம் எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் பாதாம் மாதிரி இந்தப் பருப்பைத் தின்ன முடியாது. மென்றால் வயிற்றுக்குள் சயனைடு நஞ்சு உண்டாகும்.

பிறகு தானும் ஒன்றைக் கழுவிக் கடித்தார். சாறு முழங்கை வரை வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் மூத்த மகன் வந்தான். மேஜையில் பழங்களைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா தன் தட்டை அவன் முன்னால் நகர்த்தினார்.

"ஒரே ஒரு கொட்டைதான்டா இருக்கு. வேணும்னா எண்ணிப் பார்த்துக்கோ."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் பழைய பாக்கெட்டை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி அவன் கையில் கொடுத்தாள்.